செருப்பு விடும் இடத்தில் ஓர் இயந்திரம்

2025 ஜூன் 4, புதன்

நூலகத்துக்குக் கைரேகை இயந்திரம் வந்துவிட்டது. இனி விரல் வைத்தவர் மட்டுமே வாசகர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் வழக்கம் இன்றோடு ஒழிந்தது. வராமலே தினமும் வந்துகொண்டிருந்த இருவருக்கு என் அனுதாபங்கள்.

மாமல்லபுரத்தில், கல் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறோம். வாசகரில் பெரும்பாலோர் சிற்பிகள். வெளிநாட்டுக் கோயில் கமிட்டிகள் தங்களுக்கு வேண்டிய சிலையின் படத்தைப் போனில் அனுப்புகின்றன; இவர்கள் அதை எங்கள் கணினியில் பெரிதாக்கி, திரைமேலேயே ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். திரையில் ஸ்கேல் வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். இப்போது கயிற்றால் அளக்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

சிற்பி பூபாலனின் விரலை இயந்திரம் ஏற்கவில்லை. கல்லும் உளியும் ரேகையைத் தின்றுவிட்டன.

"இன்னா மேடம் இது, அப்போலேர்ந்து தேச்சிகினு கீறேன், யார்றா நீன்ற மாரி முழிக்குது!"

பின்னால் நின்ற சிற்பிகளுக்கும் அதே கதி. மின்விசிறிக்காக மட்டுமே வரும் காப்பீட்டு முகவருக்கு அருமையான ரேகை.

ஜூன் 6, வெள்ளி

நூலகத்துக்கு வார விடுமுறை. என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதம் எதையும் தின்றதாகத் தெரியவில்லை.

ஜூன் 30, திங்கள்

மேலிடத்துக் கடிதம். வாசகர் மிகக் குறைவாம். ஜூலையிலும் இப்படியே என்றால் கிளையை மூடிவிட்டு, கணினியையும் நூல்களையும் ஊரப்பாக்கத்துக்கு அனுப்பிவிடுவார்களாம்.

நூலக ஆய்வாளர் லக்ஷ்மிநாராயணனுக்குப் போன் செய்தேன்.

"சார், உட்கார இடமில்லாம ஆள் இருக்காங்க."

"சிஸ்டத்துல இல்லியேம்மா."

வேதாந்தத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. நாங்கள் மாயை.

போனை வைத்ததும் அழுகை வந்தது. சீ — இத்தனை வருஷமா பாத்துப் பாத்துச் சேத்தத ஒரு டப்பா வந்து இல்லேன்னு சொல்லிடுமா?

ஜூலை 2, புதன்

சிற்பிகளிடம் விஷயத்தைச் சொன்னேன். பூபாலன் கொதித்தார்.

"ஊரப்பாக்கம் போயி படத்த பாத்துட்டு வந்து எப்போ மேடம் கல்லு கொத்தறது? பேஜாரு! கைதான ஆவல? கால வெக்கட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இயந்திரத்தோடு வந்த வழிகாட்டியை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கால் வைக்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

"வெச்சுப் பாருங்க."

பூபாலன் இரண்டடி பின்னால் போனார். "பொஸ்தகம் கீற மேசமேல காலா? சரஸ்வதி மேடம் அது!"

உதவியாளர் ஹெலனுக்குச் சரஸ்வதியோடு உறவில்லை. ஆனாலும், "வாணாம் மேடம், பாவம்" என்றாள்.

சரி. கால் மேலே ஏறக் கூடாது என்றால் இயந்திரம் கீழே இறங்கட்டும். வயரை வாசல் வரை இழுத்து, செருப்பு விடும் இடத்தில் வைத்தோம்.

ஜூலை 3, வியாழன்

பூபாலன் செருப்பைக் கழற்றினார், கால் கட்டைவிரலை வைத்தார். பச்சை விளக்கு.

"எரிஞ்சிட்ச்சி! நான் கீறேன் மேடம்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மாலைக்குள் எல்லாச் சிற்பிகளும் சிஸ்டத்தில் இருந்தார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

வருகை திடீரென்று உயர்ந்ததில் சந்தேகப்பட்டு ஆய்வாளர் நேரிலேயே வந்துவிட்டார். மேசையைச் சுற்றித் தேடினார்.

"மெஷின் எங்கம்மா?"

"நீங்க செருப்பு விட்ட இடத்துல சார்."

அதே நேரம் பூபாலன் வந்தார். போனில் பேசிக்கொண்டே கால் விரலை வைத்தார், விளக்கு எரிந்தது, உள்ளே போனார். ஆய்வாளர் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"இத ரிப்போர்ட்ல எப்படிம்மா எழுதறது?"

"நுழைவாயிலிலேயே பதிவு, கைகள் புத்தகத்துக்காக ஒதுக்கப்பட்டுள்ளன."

எழுதிக்கொண்டார். போகும்போது, ஒருமுறை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தன் கால் கட்டைவிரலையும் வைத்துப் பார்த்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. கிளை மூடப்படாது. பெரிய திரையோடு இன்னொரு கணினி வருகிறது. மற்றக் கிளைகளும் எங்கள் 'நுழைவாயில் பதிவு முறை'யைப் பின்பற்ற வேண்டுமாம். அவர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்களோ தெரியாது.

வாசலில் மழைத் தண்ணீர் தேங்கி இயந்திரம் நனையுமே என்று சிற்பிகள் அதற்குக் கருங்கல்லில் ஒரு பீடம் செய்து வைத்திருக்கிறார்கள். கணுக்கால் உயரம், சுற்றிலும் தாமரை இதழ்.

இன்று ரதங்களைப் பார்க்க வந்த குடும்பம் ஒன்று தண்ணீர் கேட்டு நுழைந்தது. அந்த அம்மாள் பீடத்தைப் பார்த்தார், பச்சை விளக்கைப் பார்த்தார், குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் தடுக்கவில்லை. நாங்கள் இருக்கிறோம் என்று ஒப்புக்கொண்ட தெய்வம் அது.