லாரியை ஜெயித்தவன்

மார்ச் 4

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், பசியோடு இருக்கிறேன். பயிற்சிக்கூடத்துக்கு வந்து இறங்கியதுமே கோச் எல்லோருடைய போனையும் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "சண்டைக்காரனுக்குக் காது எதுக்குடா, கை போதும்" என்கிறார். அதனால்தான் கடிதம். துணி துவைக்க எடுத்துப்போகும் வண்டிக்காரர் தபாலில் போட்டுவிடுவார். சாப்பாடு உப்பில்லாத அவித்த கோழி. வந்த அன்றே என் செருப்பை எவனோ சுட்டுவிட்டான், அதுவும் வலது கால் செருப்பை மட்டும். இப்படி ஒரு திருடனைக் கேள்விப்பட்டிருக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். குத்துச்சண்டையில் என் எடைப் பிரிவில் இப்போது எனக்கு மேலே மூன்று பேர்தான். நாம் பட்டப்பெயர் வைத்த கொசு, இடக்கையன், அப்புறம் சாம்பியன் பட்டம் வைத்திருக்கும் லாரி. அடுத்த மாதம் இடக்கையனோடு சண்டை. இந்த மூன்று பேருக்கும் எதிரே நான் எப்படித் தாக்குப்பிடிப்பேன்? இங்கே யாரைக் கேட்டாலும் "நீதான் ராஜா" என்கிறார்கள். அது எனக்கு வேண்டாம். சின்ன வயதிலிருந்து என் கைக்குக் கட்டுப் போட்டவள் நீ. என் சண்டை ஒன்றையும் நீ பார்க்காமல் விட்டதில்லை. பொய் சொல்லத் தெரியாதவள். நீ சொன்னால் நம்புவேன்.

சிவப்பு டிரவுசர் தைத்து அனுப்பு. ஒவ்வொரு சண்டைக்கும் புதுசு என்ற நம் வழக்கத்தை விட்டுவிடாதே.

உன் அடங்காத தம்பி

மார்ச் 11

அருமைத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. பட்டறையில் பஸ் சீட்டுக்கு உறை தைத்துத் தைத்து விரல் மரத்துவிட்டது. ஆனாலும் உன் டிரவுசரை முடித்துவிட்டேன், இதோடு வருகிறது.

கேட்டாய், சொல்கிறேன். கொசுவை ஜெயிப்பாய். அவன் சுற்றிச் சுற்றி வந்து தொட்டுவிட்டு ஓடுவான், குத்தில் பாரம் கிடையாது. பொறுமையாக இரு, அவன் கால் தானே ஓயும். இடக்கையன் சங்கடம். நீ வலது கையால் குத்திவிட்டு அதை அப்படியே கீழே போட்டுவிடுகிறாய். அந்த இடைவெளியில்தான் அவன் இடது கை வரும். லாரிக்கு எதிரே நீ நிற்கவே கூடாது. கோபித்துக்கொள்ளாதே. அவனிடம் அடி வாங்கிய யாரும் பழைய ஆளாக வீடு திரும்பவில்லை.

போன தடவை வந்தபோது, "அக்கா, குளியலறை எந்தப் பக்கம்?" என்று கேட்டாய். நீ பிறந்து வளர்ந்த வீட்டில். கிண்டல் பண்ணுகிறாய் என்று சிரித்தேன். தலைவலி எப்படி இருக்கிறது? இந்தச் சண்டையோடு போதும்டா.

அக்கா

மார்ச் 22

அன்பு அக்காவுக்கு,

டிரவுசர் வந்தது. இடுப்பு கொஞ்சம் லூஸ், நான்தான் மெலிந்துவிட்டேன். இங்கே ஒரு கூத்து கேள். என் செருப்பை எவனோ சுட்டுவிட்டான், வலது கால் செருப்பை மட்டும். இப்படி ஒரு திருடனைக் கேள்விப்பட்டிருக்கிறாயா?

லாரியைப் பற்றி நீ எழுதியது சுருக்கென்று தைத்தது. ஆனால் கொசுவைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே? அவனோடு நான் எப்படி?

தலைவலி இல்லை. இருந்தாலும் ராத்திரியில் மட்டும்தான்.

உன் அடங்காத தம்பி

ஏப்ரல் 20

தம்பி,

இதை நிதானமாக, இரண்டு தடவை படி.

இடக்கையனோடு நடந்த சண்டையில் நீ தோற்றுவிட்டாய். அதற்காக நான் அழவில்லை. நான்காவது ரவுண்டு முடிந்து மணி அடித்ததும் நம் மூலைக்கு வராமல் அவன் மூலைக்குப் போய், ஸ்டூலைத் தேடிக்கொண்டு நின்றாய். கூட்டம் சிரித்தது. கோச் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனார், தண்ணீர் கொடுத்தார், மறுபடி அனுப்பினார். அடுத்த ரவுண்டில் விழுந்தாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை தலையில அடி பட்டா உங்களையே அவருக்குத் தெரியாமப் போயிடும்" என்றார். இதை நான் கோச்சிடம் சொன்னதும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "லாரிக்கு எதிர்ல நிக்க ஆளே கிடைக்கலம்மா. தோத்தவனா இருந்தாலும் டிக்கெட் விக்கும்." நான் மருந்து வாங்கிவிட்டு வருவதற்குள் உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பயிற்சிக்கூடத்து வாசலில் என்னை உள்ளே விடவில்லை. நீயே கையெழுத்துப் போடுகிற வயதுக்காரன், நான் யார் தடுக்க என்கிறார்கள்.

டிரவுசரைத் துவைத்தேன். சிவப்பில் கறை தெரியவில்லை. தொட்டால்தான் விறைப்பாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, வந்துவிடு.

அக்கா

மே 6

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், பசியோடு இருக்கிறேன். என் செருப்பை எவனோ சுட்டுவிட்டான். வலது கால் செருப்பை மட்டும்.

அடுத்து ஒரு சண்டை இருக்கிறது என்கிறார் கோச். இடக்கையனாகத்தான் இருக்கும். அவனுக்கு எதிரே நான் எப்படித் தாக்குப்பிடிப்பேன்? நீதான் உண்மையைச் சொல்வாய். சிவப்பு டிரவுசர் இன்னும் வரவில்லையே, மறந்துவிட்டாயா?

உன் தம்பி

மே 14

என் செல்லத் தம்பிக்கு,

நான் மறக்கவில்லை. டிரவுசர் இனி தேவையில்லை, எல்லாச் சண்டையும் முடிந்துவிட்டது. இடக்கையனைச் சாய்த்துவிட்டாய். கொசு ஓடி ஓடி ஓய்ந்துபோனான். லாரியையும் ஜெயித்துவிட்டாய்டா. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். அவன் விழுந்தபோது நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினேன். களைப்பில் உனக்கு ஞாபகமில்லை, அவ்வளவுதான். நீ ஜெயிக்க இனி ஒருவரும் பாக்கியில்லை.

துணி வண்டிக்காரரிடம் வாசலில் பேசி வைத்திருக்கிறேன். மூட்டைகளோடு ஏறி உட்கார்ந்து வந்துவிடு. மறந்துபோனால் இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துக்கொள். கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

அக்கா

மே 23

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. தினமும் எழுந்ததும் படிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சந்தோஷம் வருகிறது. லாரியையே சாய்த்திருக்கிறேன், பார்.

கோச்சிடம் காட்டினேன். மெதுவாகப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "உங்க அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா பட்டம் வாங்கினவன் அதைக் காப்பாத்தணும்ல?" என்றார். லாரி இன்னொரு தடவை கேட்கிறானாம், பாவம். இந்த ஞாயிற்றுக்கிழமை. கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன், கையெழுத்தைப் போட்டுவிட்டேன். ஒரு தடவை ஜெயித்தவனை இன்னொரு தடவை ஜெயிக்க முடியாதா என்ன? யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். சொன்னது நீ.

வண்டிக்காரர் வந்து கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை முடியட்டும்ணே" என்று அனுப்பிவிட்டேன். நீ வந்து கைக்குக் கட்டுப் போட்டுவிடு. சிவப்பு டிரவுசரையும் எடுத்துக்கொண்டு வா.

லாரியை ஜெயித்த
உன் தம்பி