ஓட்டுகிற ஆள் ஏறி இருக்க வேண்டும்

என் அன்பு வாப்பா,

நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்குப் பெண்பிள்ளை நான் வர முடியாது. அதனால் ஸலாத்தை இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். அது உங்களிடம் வந்து சேருமா?

முதலில் வீட்டுச் செய்தி. உம்மா உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறா, வெளி ஆண்கள் கண்ணில் படாமல் நடு அறையை விட்டு வருவதில்லை. ஆனாலும் அடுப்பில் கறி அடிப்பிடிப்பது எனக்கு முதல் அவவுக்குத்தான் தெரிகிறது. ஒலுவில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. விண்ணப்பம் போட்டபோதே "பஸ்ஸ நம்பாத, கார்ல போ" என்று சொல்லி லைசன்ஸும் எடுக்க வைத்தீர்கள். நானோ மாவடிப்பள்ளி வயல் ரோட்டைத் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை.

மாமா காரை விற்கச் சொன்னார். உம்மாவின் தம்பி அல்லவா, கவலைப்படும் உரிமை அவருக்கு உண்டு. கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை தனியாகக் கார் ஓட்டினால் சனம் கதைக்கும் என்றார். வாங்க வந்த மனிதர் ஈரப்பலா மரத்தடியில் நின்ற மொரிஸ் மைனரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "கார் ஒரு பக்கம் சரிஞ்சி கெடக்கே, எங்கயும் அடிபட்டதா?" என்று கேட்டார். அதோடு போய்விட்டார்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். வலப் பக்கம், நீங்கள் இருந்து ஓட்டும் பக்கம், மூன்று விரல் அளவு உயர்ந்து நின்றது. இத்தனை வருடம் முற்றத்தில் நின்ற காரின் சரிவு ஏன் எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை? நீங்கள் இறங்கியதும் நாங்கள் உங்கள் கையில் இருக்கும் பையைத்தான் பார்ப்போம். காரை யார் பார்த்தது?

மாமா, உங்கள் காரைத் திருத்தும் கராஜ் ஜவாத் பாஸைக் கூட்டிவந்தார். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இது பழுதில்ல. நான்தான் இப்பிடி வெச்சன். அவர்ர பாரத்துக்கு வெச்சது. அவர் ஏறி இரிந்தா மட்டமாகிரும்."

முன் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் இல்லையாம். காரின் அடியில் நீளமாகக் கிடக்கும் இரும்புக் கம்பிகள் முறுகித்தான் பாரத்தைத் தாங்குகின்றனவாம். கம்பியின் பல் வெட்டிய முனையை ஒரு பல் தள்ளி மாட்டினால் அந்தப் பக்கம் உயரும், மறுபக்கமாகத் தள்ளினால் இறங்கும். ஹயருக்கு வாடகை பேசி ஏறியவர்கள், கார் உங்கள் பக்கம் சரிகிறது என்று முறைப்பட்டதால் இப்படி மாற்றி வைக்கச் சொன்னீர்களாம். எங்களிடம் ஏன் சொல்லவில்லை? உங்கள் பெருத்த வண்டி வயிற்றைப் பற்றி உம்மா ஏதும் சொல்லிவிடுவா என்றா?

பாஸ் ஜாக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "விக்கிறதெண்டா வெறுங்கார மட்டமா வெச்சித் தாறன். ஓட்டுறதெண்டா ஓட்டுற ஆள் ஏறி இரிக்கோணும். எது, செல்லுங்க."

"விக்கிறதுதான் பாஸ். இதில என்ன கேள்வி" என்றார் மாமா.

நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்குத் தெரியும், எனக்கு வேண்டியதைக் கேட்கும் நேரத்தில்தான் எனக்குச் சொல் வராது.

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "தம்பி, அவள ஏறி இரிக்கச் செல்லு."

மாமா பதறிப்போனார். "என்ன ராத்தா, இத்தாவில இரிந்துக்கிட்டு வெளி ஆம்புளையோட கதைக்கிறயா?"

"நான் உன்னோடதான் கதைக்கன். அவருக்குக் கேட்டா நான் என்ன செய்ய?"

ஜவாத் பாஸ் கையில் இருந்த ஸ்பானரையே தரையில் தேடத் தொடங்கினார். நான் ஏறி இருந்தேன். சீட்டில் நீங்கள் இருந்து இருந்து விழுந்த பள்ளத்தில் நான் பாதியைத்தான் நிரப்பினேன்.

"மத்தப் பக்கம் ஆர் வருவாங்க?" என்று பாஸ் கேட்டார்.

"ஆர் வாற? தனியத்தானே போகப்போறா" என்றார் மாமா.

"தம்பி, அவருக்குச் செல்லு, மத்தப் பக்கம் நான். தொடக்கத்தில கொஞ்ச நாளைக்கு நானும் கூடப் போவன். சனம் என்ன கதைக்கிதெண்டு பாப்பம்."

"நீ இப்ப வெளிய வர ஏலாதே ராத்தா."

"அப்ப நெல்லு மூட்ட ஒண்டத் தூக்கி வை."

"உன்ர பாரத்துக்கு ஒரு மூட்ட காணாது" என்று மாமா சிரித்தார்.

"காணும். மனுசன் மௌத்தான பொறகு நான் மெலிஞ்சது உனக்குத் தெரியல்லயா?"

மாமாவே போய் மூட்டையை இழுத்து வந்து இடப் பக்கச் சீட்டில் ஏற்றினார். பாஸ் காரைத் தூக்கி, பல்லை மாற்றி, இறக்கினார். கார் தன் நிலைக்கு வர, அதை முன்னும் பின்னும் உருட்ட வேண்டும் என்றார். அதையும் மாமாதான் தள்ளினார். "எங்கட வீட்டுப் பொம்புளைகளுக்கு நான்தான் எஞ்சின்" என்று முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார். பாஸ் இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேல் விரல் வைத்துப் பார்த்தார். மட்டம்.

வாப்பா, உங்கள் பாரத்துக்கு வைத்த உயரம் இப்போது காரில் இல்லை. நாங்கள் அதை மாற்றிவிட்டோம். வேறு யாரும் சொல்ல முந்தி நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூட்டை இன்னும் சீட்டில்தான் இருக்கிறது. தினமும் காலையில் அதை வைத்துக்கொண்டு வயல் ரோட்டில் ஓட்டிப் பழகுகிறேன். இத்தா முடிந்த மறுநாள் மூட்டையை இறக்கிவிட்டு உம்மாவை ஏற்றுவேன். வயல் ரோட்டால் அல்ல, கல்முனை பஸாருக்கு நடுவால் ஓட்டிப் போவேன். கார் சரிகிறதா என்று பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்