உங்கள் பெயரில் எடுத்த சிம்

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட என் அம்மாவுக்கு,

போன வெள்ளிக்கிழமை உங்கள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியது சுதா அக்கா இல்லை, போன் கம்பனி. சிம்மின் சொந்தக்காரர் அடையாள அட்டையோடு நேரில் வந்து உறுதிப்படுத்தாவிட்டால் இணைப்புத் துண்டிக்கப்படும் என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதியிருந்தார்கள். சொந்தக்காரர் நீங்கள். உங்களை நான் எங்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவது?

அக்காவுக்கு இன்னும் தெரியாது அம்மா. நீங்கள் போனதற்குப் பிறகு அவள் ஒருதரமும் கோல் எடுக்கவில்லை. வன்னிக்குள் இருக்கிற அவளுக்கு இங்கிருந்து எடுக்க வழியில்லை, கடிதமும் போகாது. அங்கே சனம் வரிசையில் நின்று கதைக்கிற பொதுப் போனிலிருந்து அவளாக எடுத்தால்தான் உண்டு. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இந்த ஒரே ஒரு இலக்கம். அதுவும் போனால் கொழும்பில் தனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்பதை அவள் எந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நம்புவாள்?

அந்த போனை வாங்கப் போன நாள் நினைவிருக்கிறதா? கண் ஒப்பரேசனுக்கென்று கொழும்புக்கு வந்தீர்கள். கண்ணில் கட்டு அவிழ்ப்பதற்குள் சண்டை தொடங்கி வன்னிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். நீங்கள் இந்தப் பக்கம், அக்காவும் பேத்தியும் அந்தப் பக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து லொட்ஜில் ஒரு அறை, அதில் நீங்களும் நானும். காலி வீதியில் இருக்கிற செல்வம் அண்ணையின் போன் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். (கடைக்காரரின் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். இதை அச்சில் வேறு ஆட்களும் படிப்பார்கள்.)

நான் பெரிய ஆராய்ச்சி செய்துகொண்டு வந்திருந்தேன். ஒரு கம்பனிக்கு நகரம் முழுக்க சிக்னல் நன்றாக இருக்கும், ஆனால் வருகிற அழைப்புக்கும் காசு வெட்டுவான். இன்னொன்றில் வருகிற அழைப்பு இலவசம், ஆனால் எங்கள் அறைக்குள் இழுக்காது, கக்கூஸ் பக்கத்து ஜன்னலடியில் மட்டும்தான் இழுக்கும். மூன்றாவதில் ஒருதரம் காசு போட்டால் நெடுநாள் நிற்கும், ஆனால் கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போனால் ஒன்றும் கேட்காது. எதை எடுப்பது என்று நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஆரோட தம்பி கதைக்கப் போறன்?" என்றீர்கள். "அவள் எடுத்தால் எடுக்கோணும். அவ்வளவும்தான்."

"அப்ப வாற கோல் சும்மா விடுற கம்பனிதான் உங்களுக்குச் சரி அம்மா," என்றார் செல்வம் அண்ணை. "ஆனா கக்கூஸ் வாசல்ல நிண்டுதான் கதைக்க வேண்டி வரும்."

"அதுக்கென்ன, அவளும் அங்க அரிசிக் கியூவில நிக்கிற மாதிரித்தானே நிண்டு கதைக்கிறாள். நானும் நிக்கிறன்."

பிறகு இலக்கம் தெரிவு செய்தீர்கள். எட்டில் முடிகிற எதையும் கையால் தொடவில்லை. "சனியனைக் காசு குடுத்து வாங்கச் சொல்லுறியோ?" என்று செல்வம் அண்ணையை அதட்டினீர்கள். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

யாருடைய பெயரில் எடுப்பது என்று வந்தபோதுதான் நீங்கள் சிரிக்காமல் நின்றீர்கள். நான் என் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அதை எடுத்து என் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகிவிட்டு, கைப்பையிலிருந்து உங்களுடையதை நீட்டினீர்கள். "என்ர போன். என்ர பேரில இருக்கட்டும்." அப்பாவின் காணி, அப்பாவின் வீடு, அப்பாவின் பெயரில் வந்த ஓய்வூதியம் என்றே வாழ்ந்த மனுசி, தனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். செல்வம் அண்ணை மட்டும் என்னைப் பார்த்து, "அம்மா சொல்லுறதுதான் சரி, விடும்," என்றார். எனக்கென்று தனியாக ஒரு போன் எடுப்பதற்கும் நீங்கள் விடவில்லை. இளம் பொடியனின் கையில் போனைக் கண்டால் சோதனைச் சாவடியில் அதைப் பிரித்து மேய்வார்கள் என்றீர்கள். மேய்ந்தார்கள்தான். என்னோடு புறக்கோட்டைக் கடையில் பில் எழுதுகிற பொடியன் அப்படிப் பிடிபட்டுப் போய் இன்னும் வரவில்லை.

முதல் வாரமே கம்பனியின் விளம்பரக் குரல் எடுத்துவிட்டது. அது பதிவு செய்த குரல் என்று தெரியாமல், "பிள்ளை, எனக்குச் சிங்களம் விளங்காது, ஆரும் தமிழ் தெரிஞ்ச ஆளிட்டக் குடு," என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். பக்கத்து அறை மணியம் மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. தன் மகன் கனடாவிலிருந்து கூப்பிடுவான் என்று விசாவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற மாமி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்கா எடுக்கிற நாட்களில் நீங்கள் ஜன்னலடியில் ஒற்றைக் காதைப் பொத்திக்கொண்டு நிற்பீர்கள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற சனத்தின் சத்தம் எனக்கே கேட்கும். "சாப்பிட்டியோ, பிள்ளை சாப்பிட்டவளோ" என்பதைத் தவிர நீங்கள் இரண்டு பேரும் ஒன்றும் கதைத்ததில்லை. ஒருநாள் இடையில் ஏதோ பெரிதாக அதிர்ந்தது.

"என்னடி அது சத்தம்?"

"அது ஜெனரேட்டர் அம்மா."

வைத்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். "ஜெனரேட்டர் விட்டு விட்டு அடிக்குமோடா?" நான் எழும்பி ஜன்னலைச் சாத்தினேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் அம்மா?

பிறகு அந்தச் சுற்றிவளைப்பு. நான் கடையில் இருந்தேன். மாமி கடைப் போனுக்கு எடுத்து, "தம்பி, பொலிஸ் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள்," என்றா. வன்னியிலிருந்து இந்த இலக்கத்துக்கு அழைப்பு வருகிறது என்று அவர்களிடம் தகவல் இருந்திருக்கிறது. அறைக்குள் வந்து போனைத் தூக்கிப் பிடித்து, "மேக்க காகெத?" என்று கேட்டார்களாம், இது யாருடையது என்று. உங்களுக்கு அவ்வளவு சிங்களம் எப்போது விளங்கத் தொடங்கியது? "மகே," என்றீர்களாம். என்னுடையது.

நான் பொலிஸ் ஸ்டேசனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மர வாங்கில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தீர்கள். மத்தியானச் சாப்பாடு இல்லை, மருந்து இல்லை. என்னை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். மகளோடு கதைக்கிற ஒரு தாயை ஒரு பின்னேரம் முழுக்க விசாரிக்க ஒரு நாட்டுக்கு நேரம் இருக்கிறது. அந்த மகளின் தலையில் விழுகிறதைப் பற்றி விசாரிக்க யாருக்கும் நேரம் இல்லை.

இருட்டுப்படும் நேரம் விட்டார்கள். முச்சக்கர வண்டியில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னீர்கள். "நல்லகாலம் ராசா, உன்ர பேரில எடுக்கேல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சிக்னல் பார்த்தேன், கட்டணம் பார்த்தேன், எத்தனை நாள் நிற்கும் என்று பார்த்தேன். நீங்கள் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: அவர்கள் வந்தால் யாரைக் கொண்டு போவார்கள். வயது போன பொம்பிளையை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று கணக்குப் போட்டீர்கள். எங்கள் சனம் முழுக்கப் போட்ட பிழைக் கணக்கு அது.

அதற்குப் பிறகு நீங்கள் படியேறும்போது நின்று நின்று ஏறினீர்கள். சில கிழமைகளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். அந்த வாங்குதான் உங்களைக் கொன்றது என்று எந்த டொக்டரும் எழுதித் தரப்போவதில்லை. நானும் அப்படி எழுதவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கம்பனியின் செய்தியைக் கொண்டுபோய் செல்வம் அண்ணையிடம் காட்டினேன்.

"அந்த நம்பரை விட்டிடும் தம்பி. வன்னிக் கோல் வந்த நம்பர். அவங்கட கையில இருக்கு."

"விட்டா அக்கா எங்க எடுப்பா?"

அவர் குனிந்து மேசைக்கு அடியில் தேடினார். பிறகு ஒரு கோவையை எடுத்து மேசையில் போட்டார். அவரிடம் சிம் வாங்கியவர்களின் அடையாள அட்டைப் பிரதிகள். "அப்ப ஆரும் வயசான ஆளின்ர பேருக்கு மாத்துவம். பாரும், எல்லாரும் அப்பிடித்தான்." புரட்டினேன். எல்லாம் அம்மாமார். படிய வாரி இழுத்த தலை, பெரிய பொட்டு அல்லது வெறும் நெற்றி, கமராவைப் பார்த்துப் பயந்த கண். வெள்ளவத்தையில் இளம் ஆட்களே இல்லை, கிழவிகள் மட்டும்தான் போன் பாவிக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். அண்ணை அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வயதுக்காரர் எல்லாரும் ஒரு கோவைக்குள் தாய்மாரின் முந்தானைக்குப் பின்னால் குந்திக்கொண்டிருக்கிறோம். பயம் காட்டுகிறவனில் எனக்கு இருக்கிற கோபத்துக்குக் குறையாத கோபம் எங்களிலும் இருக்கிறது.

லொட்ஜுக்கு வந்து சொன்னதும் மணியம் மாமி தன் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினா. நான் வேலைக்குப் போகிற நேரம் உங்கள் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவுக்காக அதுவரை காவல் இருந்தது மாமிதான்.

"என்ர பேரில மாத்து. என்னை என்ன செய்யப் போறாங்கள்? உன்ர கொம்மா என்ர சகோதரம் மாதிரி."

அட்டை என் கையில் இருந்தது. போவதற்குத் திரும்பினேன். அப்போது மெதுவாக, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டா. "தம்பி, உதால என்ர விசாவுக்கு ஒண்டும் வராதுதானே?"

அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன் அம்மா. மாமி வாங்க மறுத்து அழுதா. மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்களை ஒருதரம் அதைச் செய்யவிட்டது போதும். இன்னொரு பிள்ளையின் தாயையும் அந்த வாங்கில் இருத்த என்னால் முடியாது.

நேற்று கம்பனிக்குப் போனேன். என் அட்டை, லொட்ஜில் தங்குவதற்குப் பொலிஸ் தந்த பதிவுத் துண்டு, உங்கள் மரணச் சான்றிதழ். கவுண்டரில் ஒரு சிங்களப் பிள்ளை, என் வயதுதான் இருக்கும். என் அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. சான்றிதழைப் பார்த்ததும் இன்னொருதரம் மாறியது.

"அம்மாத?" என்றாள் குரலைத் தாழ்த்தி, அம்மாவா என்று.

"ஓவ்," என்று தலையாட்டினேன்.

"புது இலக்கம் எடுத்தால் சுகம், இதற்கு நிறையக் கேள்வி வரும்," என்று சிங்களத்தில் சொன்னாள். உண்மையாகவே எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். இதே இலக்கம்தான் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். என் அக்காவுக்கு இதுதான் தெரியும் என்றேன். அக்கா எங்கே என்று அவள் கேட்கவில்லை.

கணினித் திரையை எனக்கும் தெரிகிற மாதிரிச் சற்றுத் திருப்பி வைத்திருந்தாள். அதில் உங்கள் பெயர் இருந்தது, ஆங்கிலத்தில், பிழையான எழுத்துக்கூட்டலோடு. அவள் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போனாள். செத்தவீட்டில் எனக்கு அழுகை வரவில்லை அம்மா. ஊர்ச்சனம் யாருமில்லாமல் கனத்தை மயானத்தில் உங்களை வைத்துவிட்டு வந்தபோதும் வரவில்லை. அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்தபோது வந்தது. அந்தப் பிள்ளை எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு என் பெயரை அடித்தாள்.

உங்களுக்குக் கோபம் வரும். இவ்வளவு பாடுபட்டு ஒளித்து வைத்த பிள்ளை தானாகப் போய் வெளிச்சத்தில் நிற்கிறான் என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடியுங்கள். எனக்குப் பயம் இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். இன்று காலையில் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கியபோது சட்டைப் பையில் அந்த போன் நெருப்பு மாதிரி இருந்தது. இது யாருடையது என்று அவன் கேட்டால் ஒரு பதில் இருக்கிறது. அது உண்மையான பதில். அதற்கு மேல் நடப்பது எனக்குத் தெரியாது.

அக்கா உயிரோடு இருக்கிறாளா என்பதும் எனக்குத் தெரியாது. நீங்கள் இருக்கிற இடத்தில் அவளைக் காணவில்லையென்றால், இருக்கிறாள் என்று நம்புகிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். அவள் எடுப்பாள். எடுத்ததும் "அம்மாட்டக் குடு" என்பாள். நீங்கள் நித்திரை என்றோ கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள் என்றோ நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு எல்லாரும் பொய் சொல்கிறார்கள், நானும் சொல்ல வேண்டாம். நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொல்வேன். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் சத்தம் போடட்டும், கோச்சி வரட்டும், எது வேண்டுமென்றாலும் அதிரட்டும். அவள் எவ்வளவு நேரம் அழுதாலும் போனை நான் முதலில் வைக்க மாட்டேன்.

உங்கள் கடைக்குட்டி,
சுதாவின் தம்பி,
ரூபன்.