பாண் ஓட்டோவின் பாட்டு

12.10.2023

அன்பின் தர்சினி,

தொலைபேசி அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் ஊர் வெள்ள ஒத்திகை தோற்றுப்போனது என்று சபைக்கு அறிக்கை கொடுத்துவிட்டேன். குளத்தின் வான்கதவு திறக்கும்போது சைரன் ஊதும், சனம் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏறவேண்டும். ஊதினோம். எல்லோரும் வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்தீர்கள். நீயும்.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி சிரித்தார்.

மாரி வருகிறது. வெள்ளத்தில் வாய்க்கால்தான் முதலில் நிரம்பும். அடுத்தமுறை மேலே ஏறு.

உன்
பிரஷாந்தினி

20.10.2023

பிரஷாந்தி,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினமாதிரித்தான்.

சைரன் கேட்டால் கால் கீழேதான் போகும். சண்டை நேரம் ஒரே பங்கருக்குள் கிடந்தவர்கள் நாங்கள், உனக்கும் விளக்கவேணுமோ? நீ வாகனத்துக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்ததைக் கண்டேன்.

பின்னேரங்களில் மல்லாவியிலிருந்து சிறாஜின் பாண் ஓட்டோ, பேக்கரிச் சாமான்களோடு பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அந்தப் பாட்டுக்கு எல்லோரும் வீதிக்கு வருவோம். படுக்கையில் கிடக்கும் பேச்சியம்மாகூடத் தலையை நிமிர்த்துவா. சைரனை விட்டுவிட்டு அதைப் போடு.

தர்சினி

06.11.2023

அன்பின் தர்சினி,

கூட்டத்தில் சொன்னேன். "பாண் வித்தோ சனத்தைக் காப்பாத்தப்போறியள்?" என்றார் செயலாளர். பிறகு, "சரி, செய்து பாருங்கோ."

சிறாஜிடமும் போனேன். "பாண் இல்லாமல் பாட்டுப் போட்டால் சனம் எனக்கு அடிக்காதோ, தங்கச்சி?" என்று கேட்டார். ஒத்துக்கொண்டார்.

பிரஷாந்தினி

29.12.2023

பிரஷாந்தி,

ஓர் உயிரும் போகவில்லை என்று பத்திரிகையில் உன் படத்தோடு போட்டிருந்தது. உண்மைதான். விடியற்புறம் மழைக்குள் பாட்டுக் கேட்டது. சில்லறையோடு வெளியே வந்தோம். வாய்க்கால் வீதிக்கு வந்திருந்தது. பேச்சியம்மாவைக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினோம்.

வெள்ளம் வடிந்து நாங்கள் வீடு திரும்பியபிறகு சிறாஜ் பழையபடி பாண் கொண்டுவந்தார். பாட்டுக் கேட்டதும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினார்கள். பேச்சியம்மா, "கதிரை, கதிரை" என்று அழுதா. ஒருவரும் பாண் வாங்கவில்லை.

பயமில்லாமல் கேட்க எங்களிடம் அந்த ஒரு சத்தம்தான் மிஞ்சியிருந்தது. நான்தான் அதை உன்னிடம் எடுத்துத் தந்தேன். உன்னில் கோபமில்லை என்று எழுதப்பார்க்கிறேன். வரவில்லை.

சிறாஜ் பாட்டை நிற்பாட்டிவிட்டார். ஒருநாள் வாசல் படலையில் தட்டினார். அந்தநாளில் என் அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் இப்படிப் படலையில் தட்டித்தான் வந்தார்கள்; அவர் திரும்பவேயில்லை. "தட்டவேண்டாம், சிறாஜ். வந்து நில்லுங்கோ, நான் பார்ப்பன்" என்றேன். இப்போது ஓட்டோவை நிறுத்திவிட்டுப் பேசாமல் நிற்கிறார்.

நீ வந்தாலும் அப்படி வந்து நில்.

தர்சினி