தேடுபொறியில் விழுந்த பெயர்

இன்று காலை ஒரு புதிய தளத்தின் வருகைப் பதிவைத் திறந்தேன். நேற்றுதான் ஏற்றியிருந்தோம், மனிதர் ஒருவரும் இன்னும் வரவில்லை. ஆனால் கிராலர் வந்து போயிருந்தது. இணையத்தில் பக்கம் பக்கமாகப் போய்ப் படித்து, தேடுபொறியின் பட்டியலில் சேர்க்கிற அந்த நிரலின் பெயரைப் பார்த்ததும், ஏற்றிய பக்கங்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தேன். நீ காய்ச்சலில் இறந்துபோய் ஒன்றரை வருடம் ஆகிறது. எனக்கு அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

பொத்தேரி விடுதியில் ஒரே அறை, பிறகு படூரில் ஒரே அலுவலகம் என்று இருந்தவர்கள் நாம். அப்போது மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கணவனிடம் அடிபட்டு வெளியேறிய பெண்கள் தங்கும் இல்லம் ஒன்றுக்கு நான் தளம் செய்து கொடுத்தேன். அதில் ஊழியர்களுக்கென்று ஒரு பக்கம்: யார், எந்த அறை, எங்கே தையல் வேலை. கடவுச்சொல் போடவில்லை. எங்கிருந்தும் அதற்கு இணைப்பு இல்லையே, யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்துவிட்டேன்.

ஒரு நாள் மதியம் அங்கிருந்த பெண் ஒருத்தி அழைத்தாள். செல்போனில் சும்மா தன் பெயரைத் தேடியிருக்கிறாள். பெயரும் இல்லம் இருக்கும் ஊரும் முதல் முடிவாக வந்திருக்கின்றன.

"அவுருகிட்டயும் செல்லு கீதுக்கா," என்றாள். கணவனைத்தான் சொன்னாள்.

நாற்காலியை இழுத்துப்போட்டு நீ என் பக்கத்தில் உட்கார்ந்தாய். காரணத்தைக் கண்டுபிடிக்க உனக்கு அதிக நேரம் ஆகவில்லை. தளத்தின் எல்லாப் பக்க முகவரிகளையும் தானாகவே தொகுத்துக் கிராலருக்கு நீட்டும் ஒரு கோப்பு உண்டு. அதில் அந்தப் பக்கமும் இருந்தது. நான் பதறிப்போய், கிராலரை உள்ளே விடாமல் தடுக்கும் வரியைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.

"தடுக்காதடி." என் கையைப் பிடித்தாய். "வெளியவே நிறுத்திட்டா, பக்கம் போயிடுச்சின்னு அதுக்கு எப்டித் தெரியும்? பழசையே காட்டிக்கினு இருக்கும். பக்கத்த அழி. அது வந்து பாக்கட்டும்."

அழித்தேன். தளம் நம் பொறுப்பில் இருப்பதை நிரூபித்து, அவசரமாக நீக்கச் சொல்லித் தேடுபொறிக்கு விண்ணப்பமும் அனுப்பினோம். 'பரிசீலனையில்' என்று வந்தது. மறுபடி மறுபடி தேடினேன். அவள் பெயர் அங்கேயே இருந்தது.

"எழுந்திரு, கெளம்பு. இல்லத்துக்குப் போலாம்," என்றாய்.

"சாயங்காலத்துக்குள்ள பேரு போயிடும்டி."

"நாம அழிக்கிறது இனிமே பாக்கறவனுக்கு. முன்னாடியே பாத்துட்டவன இன்னா பண்ணுவே?"

உன் ஸ்கூட்டரில் போனோம். திருப்போரூர் சிக்னலில் நின்றபோது, "ஏதோ சாஃப்ட்வேர் கோளாறுன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. "நீதான்டி செஞ்சே. நீதான் சொல்லணும்," என்றாய். மீதி வழி முழுக்க அந்த வாக்கியத்தை நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்தேன்.

சொன்னேன். பட்டியலில் இருந்த ஒவ்வொருவரிடமும், கடைசியாக அவளிடமும். "நான் கவனிக்காம விட்டதுதான். என் தப்பு." அவள் திட்டவில்லை. உள்ளே போய்த் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். மூன்று மணிக்கெல்லாம் இல்லக் காப்பாளர் அவளைக் காரில் செங்கல்பட்டுப் பக்கம் வேறோர் இடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார்.

சாயங்காலம் தேடல் முடிவிலிருந்து பெயர் மறைந்தது. நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். நீ விடவில்லை. நீ நினைத்ததுதான் சரி. இரண்டாம் நாள் அவள் கணவன் இல்லத்து வாசலில் வந்து நின்றான். அந்தப் பக்கத்தை முன்பே படமெடுத்து வைத்திருந்திருக்கிறான். செல்போனை நீட்டி நீட்டிக் கத்தியிருக்கிறான். போலீஸ் வந்து அழைத்துப் போயிற்று. அவள் அங்கே இல்லை. அன்று நான் சொன்னபடி நாம் சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், அவள் அங்கேயே இருந்திருப்பாள்.

உனக்கு நன்றி சொன்னபோது, "போடி, வேலையப் பாரு," என்று மட்டும் சொன்னாய்.

காரில் ஏறுமுன் அவள் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். நீ அப்போது காப்பாளரோடு பேசிக்கொண்டிருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. "எம் பேர இனிமே எங்கயும் எழுதாதீங்க." சரி என்று தலையாட்டினேன். இப்போதும் எந்தப் பக்கத்தை ஏற்றுவதற்கு முன்னும் அந்தப் பெயரை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். உனக்கு எழுதும் இதில்கூட அது இல்லை.