தண்ணீர் வடியும் முன் சுட்டவனுக்கு

மச்சான்,

இன்று காலை வங்கி திறப்பதற்கு முன்னால் என்னுடைய இரட்டைக் குழல் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிதம்பரத்தில் இந்த வங்கியின் வாசலில்தான் காவலுக்கு நிற்கிறேன் என்பது உனக்குத் தெரியும். எண்ணெய்த் துணியைக் குழலுக்குள் விட்டு இழுத்ததும் அந்த வாசனை எழுந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. "இன்னா சார், உடம்பு சரியில்லையா?" என்று காசாளர் பெண் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். நேற்று கடலூருக்கு உன் வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த ஏரிக்கரையிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் சிறப்புப் படைப் பிரிவுக்குப் புதிய ரைபிள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நம்மில் சிலரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். வந்த ரைபிள்கள் மூன்று. எந்த நிறுவனம் செய்தது என்று நமக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பெயர்களை மறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் டேப் சுற்றிக் கொடுத்தார்கள். சிவப்பு, பச்சை, நீலம். மணலில் புரட்டினோம், பனியில் புதைத்து எடுத்தோம். சிவப்பு மணலிலேயே தோற்றுவிட்டது. மிச்சம் இருந்த இரண்டில் நான் பச்சையின் பக்கம், நீ நீலத்தின் பக்கம். பச்சை எடை குறைவு, குட்டை. ஓர் அறைக்குள் நுழைந்து சட்டென்று திரும்ப அதைப் போல ஒன்று கிடையாது. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டுகூட நாம் சண்டை போட்டோம்.

"நீலம் வெயிட்டு ஜாஸ்திடா. மலையில தூக்கிட்டு ஏறிப் பாரு, அப்ப தெரியும்" என்பேன்.

"தூக்கிட்டு நடக்கறதுக்கா துப்பாக்கி? அமுக்குனா சுடணும் மச்சான். அதான் எனக்கு வேணும்" என்பாய்.

கடைசியாக வந்தது தண்ணீர்ச் சோதனை. ரைபிளோடு ஏரியை நீந்திக் கடந்து, கரையேறி, குழலைக் கீழே சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, அதன் பிறகு சுட வேண்டும் என்பது விதி. முந்தின நாள் மாலை நீ மேஜரிடம் போய் நின்றாய். நானும் பக்கத்தில் இருந்தேன். "நீலத்துல தண்ணி தானா எறங்கிடுது, பச்சையில குழாய்லயே நிக்குது. எதிரி கரையிலேயே நின்னுட்டிருந்தா, தண்ணி வடியற வரைக்கும் பொறுத்துக்கோன்னு அவன்கிட்ட சொல்ல முடியுமா சார்?" என்று உன் உடைந்த இந்தியில் கேட்டாய். அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "உன் கேள்வி நியாயமானது. ஆனால் நமக்குக் கொடுத்திருக்கும் நிபந்தனைகளில் அது இல்லை. இல்லாத ஒன்றைக் காரணம் காட்டி ஒரு ரைபிளை நான் தள்ள முடியாது" என்றார். நீ சல்யூட் அடித்துவிட்டு வந்தாய்.

மறுநாள் காலை பச்சையோடு முதலில் நான் நீந்தினேன். கரையேறினேன், வடித்தேன், சுட்டேன். எல்லாம் இலக்கில் விழுந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து அதே பச்சையோடு நீ வந்தாய். இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்றாய். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினாய். குழலைச் சாய்க்கவில்லை. அப்படியே தோளில் வைத்து விசையை அழுத்தினாய்.

வந்த சத்தம் துப்பாக்கிச் சத்தமே இல்லை. நீ முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தாய். நான் ஓடி வந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்தபோது ஏரித் தண்ணீர் சிவந்திருந்தது.

வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உன் கட்டில் அருகே உட்கார்ந்திருந்தேன். உனக்குப் பேச்சு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"மறந்துட்டியா? தெரிஞ்சே செஞ்சியா?"

"தெரிஞ்சுதான். சுடாம அடைச்சிக்கும், இல்லாட்டி குழாய் உப்பிக்கும், எல்லாரும் கண்ணால பாக்கட்டும்னு நெனச்சேன். இப்பிடி ஒடைஞ்சி மூஞ்சியில அடிக்கும்னு நெனைக்கல மச்சான்."

"பைத்தியக்காரா, உனக்குப் பொண்டாட்டி இருக்குது, ரெண்டு பொண்ணுங்க இருக்குது."

"அதத் தூக்கிட்டுத் தண்ணியில எறங்கப் போறவனுக்கு இருக்காதா?"

எழுந்து வெளியே போய்விட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் அங்கே இருந்திருந்தால், கட்டுப் போட்ட உன் முகத்தைப் பார்த்துக் கத்தியிருப்பேன்.

விசாரணை நடந்தது. விதியை மீறியது நீ, ஆகவே தவறு உன்னுடையது என்று முடிவாயிற்று. நீயும் அதை ஒப்புக்கொண்டாய். பச்சையை ஒதுக்கி வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் அந்தத் தேர்வையே கைவிட்டுவிட்டார்கள். உன் நீலமும் போய்விட்டது. நம் ஆட்கள் பழைய ரைபிளோடுதான் மறுபடி போனார்கள்.

நீ ஊருக்கு வந்து, கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஃபைபர் படகுகளின் என்ஜின்களைப் பழுது பார்த்தாய். ஒவ்வொரு லீவுக்கும் நான் உன்னைப் பார்க்க வருவேன். டீயை நீட்டும்போதே கேட்பாய்: "முடிவு பண்ணிட்டாங்களா?" இல்லைடா என்பேன். "அப்ப பசங்க இன்னும் அதையேதான் தூக்கிட்டுப் போறானுங்களா?" என்பாய். "அண்ணன் வந்ததும் வராததுமா இதே பேச்சுதானா? வுடுங்களேன்" என்று உன் மனைவி கடிந்துகொள்வாள். நீ விடவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு என்ஜின் மேல் குனிந்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயாம். நான் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போன வாரம் நம் பிரிவிலிருந்து போன் வந்தது. நமக்குப் பின்னால் சேர்ந்த மங்கலம்பேட்டைக்காரன், இப்போது ஹவில்தாராக இருப்பவன், அவன்தான் பேசினான். "அண்ணே, புது ரைபிள் வந்துடுச்சு. தண்ணியில இருந்து எழுந்ததும் வடிக்காம சுடணும்னு நிபந்தனையிலேயே எழுதிட்டாங்க. அந்த ஏரி விவகாரத்துக்கு அப்புறம்தான் அதைச் சேத்தாங்கன்னு பேசிக்கறாங்க. நேத்து கடல்ல எறங்கி சுட்டுப் பாத்தோம்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. சந்தோஷமா, ஆத்திரமா என்று பிரிக்கத் தெரியவில்லை. லீவு கிடைத்ததும், நேற்று, கூட்டத்தோடு கூட்டமாகக் கடலூர் பஸ்ஸில் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். உன் பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். உன் மனைவி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கி தப்பு அவரோடதுன்னு சொன்னாங்க. இப்ப அவரு சொன்னது சரின்னு யாராவது வந்து சொல்லுவாங்களா அண்ணே?"

"அதான் நான் வந்து சொல்றேனேம்மா."

"நீங்க சொல்லுவீங்க. அவுங்க சொல்ல மாட்டாங்க இல்ல?"

ஆய்ந்த மீனை அவள் தண்ணீரில் அலசிப் போட்டாள். பிறகு கேட்டாள்: "புதுசத் தூக்கிட்டுக் கடல்ல எறங்குச்சுன்னீங்களே, அந்தப் புள்ளைங்க எல்லாம் ஒழுங்காத் திரும்புச்சா? யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?"

அதை நான் கேட்கவே இல்லை, மச்சான். என்ன ரைபிள், என்ன எடை, எத்தனை தூரம் சுடும் என்று அவனிடம் துருவித் துருவிக் கேட்டவன், அதைக் கேட்கவில்லை. அங்கேயே நின்று ஹவில்தாருக்குப் போன் போட்டேன். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. "எல்லாரும் நல்லா ஏறிட்டோம்ணே. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்ல. நான்தான் கடைசியா ஏறுனேன்."

தங்கச்சி தலையை ஆட்டினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கத்தியை எடுத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி இடம் காலியாக இருந்தும் நான் சிதம்பரம் வரை நின்றுகொண்டே வந்தேன். உன்மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை. நீ கேட்டது சரி, நீ செய்தது பைத்தியக்காரத்தனம். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. உன்னைத் திட்ட வாயெடுக்கிற ஒவ்வொரு முறையும், கடற்காற்றில் அந்த ஹவில்தார் சொன்னது காதில் விழுகிறது: யாருக்கும் ஒரு கீறல்கூட இல்ல, நான்தான் கடைசியா ஏறுனேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது, மச்சான். திட்டத்தான் வரமாட்டேன் என்கிறது.