அண்ணா தன்மேல் செய்த சோதனை

எதைச் சொன்னாலும் "அது எப்படித் தெரியும்?" என்று கேட்கிற என் அண்ணாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி உங்கள் மேசை டிராயரை ஒழித்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிக் கொடுத்த ஆர்ஜினின் பவுடர் டப்பா அதில் பாதி மீதியோடு இருந்தது. அதற்கடியில் ஒரு நோட்டு.

"பாருங்க அம்மிணி, உங்கண்ணன் என்னமோ எழுதி வெச்சிருக்காருங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க" என்றார் அண்ணி.

எனக்கு விளங்கிவிட்டது அண்ணா. பனியன் கம்பெனியில் இருபது வருடம் செக்கிங் பார்ப்பவளுக்கு நீங்கள் வேலை பார்த்த துணி டெஸ்டிங் லேபின் ரிப்போர்ட் படிக்கத் தெரியாதா?

அந்த டப்பா வந்த கதை ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஆர்ஜினின் என்பது ஒரு அமினோ அமிலமாம், ரத்தக் குழாயை விரிக்குமாம், பிரஷர் இறங்குமாம். பிரஷர் மாத்திரை போடுகிற உங்களுக்காக அன்றைக்கே வாங்கி வந்தேன். துணியில் கண்ணி எண்ணுகிற லென்ஸை எடுத்து லேபிளைப் படித்தீர்கள்.

"இது நெலக்கடலைலயே இருக்குது அம்மிணி. அப்பறம் எதுக்கு டப்பால?"

"துணிக்கு மட்டும்தான் டெஸ்ட் பண்ணுவீங்களா? உங்க ஒடம்புல பண்ணிப் பாருங்க" என்று சிரித்தேன்.

பண்ணித்தான் பார்த்திருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் "மாத்திரை மட்டும்". அடுத்ததில் "மாத்திரையும் பவுடரும்". மூன்றாம் பக்கத்தில் "பவுடர் மட்டும்". தினமும் காலையில் எடுத்த பிரஷர் வரிசையாக இருக்கிறது. சாயத்தையும் சலவையையும் சேர்த்து மாற்றிவிட்டுத் துணி சுருங்கினால் எதைத் திட்டுவது என்று கேட்பீர்களே, "ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தோணும்" என்பீர்களே, அதே கணக்கில் மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள். வேறு யாருக்கு அண்ணா இப்படி ஒரு யோசனை வரும்?

மூன்றாம் பக்கத்தில் பிரஷர் மெல்ல ஏறுகிறது. ஒன்பதாம் நாள் எழுதவில்லை. அன்றுதான் லேபிலேயே விழுந்தீர்கள். ஏறுவதைப் பார்த்தும் ஏன் நிறுத்தவில்லை? இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்று நினைத்தீர்களா?

நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரம்மாவிடம் போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "பவுடர்தான் காரணமுங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. மாத்திரையை நிறுத்துனது பெரிய தப்பு. ஆனா அதனாலதான் போனாருன்னும் இந்த நோட்ட வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க."

பிறகு பவுடரைப் பற்றியும் சொன்னார். ஆர்ஜினினிலிருந்து உடம்பு நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது, அது குழாயைத் தளர்த்துகிறது, அதுவரை வீடியோ சொன்னது நிஜம்தான். சில ஆய்வுகளில் பிரஷர் கொஞ்சம் இறங்கியும் இருக்கிறதாம். உங்களுக்காக நானே கேட்டேன், "எத்தனை பேருக்குக் கொடுத்தாங்க? எத்தனை நாளுங்க?" அவர் சிரித்துவிட்டார். பெரும்பாலும் சின்னக் கூட்டம், கொஞ்ச நாள்தானாம். மாத்திரைக்குப் பதிலாக இது போதும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பலனும் இல்லை, ஆபத்தோ என்ற சந்தேகமும் வந்ததாம். அவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

"அப்ப எப்படித்தானுங்க சோதிக்கிறாங்க?" என்றேன். ஒரு பாதிப் பேருக்குப் பவுடர், மறு பாதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாவு கொடுப்பார்களாம். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. தினப்படி மருந்தை அவர்களாக விடக்கூடாது. நிலைமை மோசமானால் நிறுத்தச் சொல்ல வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

உங்கள் லேபிலும் அப்படித்தானே அண்ணா? ஒரே ரோலில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைத்தானே சலவைக்குப் போடுவீர்கள்? இருந்த ஒரே துண்டைப் போட்டுவிட்டீர்களே.

வந்ததுதான் வந்தீங்க, உங்களுக்கும் பார்த்துடலாம் என்று டாக்டரம்மா என் கையிலும் பட்டையைச் சுற்றினார். எனக்கும் பிரஷராம். திங்கட்கிழமையிலிருந்து மாத்திரை போடுகிறேன். உங்கள் பிரஷர் மெஷினையும் நோட்டையும் அண்ணி என்னிடமே கொடுத்துவிட்டார். பவுடரைக் கொட்டிவிட்டோம்.

நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக் கீழேயும், கம்பெனி ரிப்போர்ட்டில் போடுவது போலவே, இரண்டு இடம் கோடு போட்டிருக்கிறீர்கள். "சோதித்தது" என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. "சரிபார்த்தது" என்ற இடம் மூன்று பக்கத்திலும் காலி. இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஒரு ரிப்போர்ட்டையும் வெளியே விடாத ஆளாயிற்றே நீங்கள்! என்னிடம் ஒரு தடவை நீட்டியிருக்கக் கூடாதா?

நான்காம் பக்கத்தில் என் பிரஷரை எழுத ஆரம்பித்திருக்கிறேன். உங்களை மாதிரியே எல்லாவற்றையும் கேட்பேன். ஆனால் எதை நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டரம்மாவைக் கேட்காமல் நிறுத்த மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நோட்டை அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். முதல் வாரம் முடிந்தது அண்ணா. "சரிபார்த்தது" என்ற இடத்தில் அண்ணி கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

உங்களை டெஸ்ட் பண்ணச் சொன்ன,
உங்கள் தங்கச்சி